இருபத்திரண்டு நிமிடப் பிணம்

செந்தூலில் டயர் கடைக்கு மேல்மாடி.
ரப்பர் வாடை ஏறிய பாயில்
என்னைக் கிடத்திவிட்டு
விக்னராஜ் சொன்னது இவ்வளவுதான்:
"நடிக்காதே. கிட."

பகலில் அவன் காப்புறுதி விற்பவன்.
சாவின் தவணைக் கணக்கு
அவனுக்கு மனப்பாடம்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
ஒன்பது மணி நேரம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு
சிரிப்பு கலையாமல்
"சற்றுக் காத்திருங்கள்" என்று
மலாயில் சொல்வது.

முதல் மாதம் நடக்கச் சொன்னார்கள்.
இருபத்து மூன்று வருடம் நடந்தது
நடையில்லையாம்.

அடுத்தது குரல்.
ஜன்னலில் நின்று வசனத்தைத் தெருவுக்கு எறியவேண்டும்.
கீழே ஆ சோங் கை தூக்கினால்
போய்ச் சேர்ந்ததென்று அர்த்தம்.
அவருக்குத் தமிழ் தெரியாது.
ஒருநாள் நான் தடுமாறிய வரியை
ஜாக்கியைக் கீழே வைத்துவிட்டு
அவரே எடுத்துக் கொடுத்தார்,
ஒரு சொல் பிசகாமல்.
மாடி முழுக்கச் சிரித்தது.
எனக்கு மட்டும் அன்றிரவு சோறு இறங்கவில்லை.

பிறகு வேடம் பிரித்தார்கள்.
தாமரைச்செல்விக்கு மூத்த மகள்.
கபிலேசுக்கு, வீட்டை விற்கத் துடிக்கும் தம்பி.
எனக்கு அம்மா.
திரை விலகுமுன்பே இறந்துபோன அம்மா.
புடவை அவரவர் வீட்டிலிருந்து.

எங்கள் அலமாரியில் ஒன்றுதான் மிச்சமிருந்தது.
மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்த பச்சை.
எடுத்தபோது அப்பா பார்த்தார்.
லோரிச் சாவியைத் தேடுவதுபோல்
வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.
சாவி அவர் கையில்தான் இருந்தது.

பிணம் மூச்சு விடுவதற்கு ஓர் இடம் உண்டு:
முதுகு.
வயிறு அசையாமல், நெஞ்சு உயராமல்
காற்றைப் பாய்ப்பக்கம் அனுப்பப் பழகினேன்.
கண்மூடிக் கிடந்ததில்
எல்லோருடைய வசனமும் எனக்குப் பாடமானது.
ரயிலும்தான்.
ஒத்திகை தினமும் சரியாக ஒன்பதுக்கே தொடங்கும்.
"சாவி யாரிடம் இருக்கு?" என்று கபிலேஷ் கேட்டதும்
வளைவில் ரயில் திரும்பும், கண்ணாடி அதிரும்,
எல்லோரும் நிறுத்திக் காத்திருப்போம்.
போனதும் தொடர்வோம்.

அரங்கேற்றம் பிரிக்ஃபீல்ட்ஸில்.
அறுபத்தொரு பேர். குளிரூட்டி உறுமல்.
"சாவி யாரிடம் இருக்கு?"
ரயில் இல்லை.
ஆனாலும் நிறுத்தினார்கள்.
வராத ரயில் கடந்து முடியட்டுமென்று
அத்தனை பேரும் நின்ற அந்த அமைதியில்
மூன்றாவது வரிசையிலிருந்து
ஓர் இருமல்.

டீசல் தின்ற இருமல். எனக்குத் தெரியும்.
போர்ட் கிள்ளானிலிருந்து
கொள்கலனை இறக்கிவிட்டு நேரே வந்திருக்கிறார்.
என் முதுகு மூச்சை மறந்தது.
பச்சைப் புடவை ஒரு தரம் ஏறி இறங்கியதை
எத்தனை பேர் கண்டார்களோ.

"அந்த மௌனம்!" என்று
கைகுலுக்கினார்கள் விக்னராஜை.
அவன் ரயிலைப் பற்றி மூச்சு விடவில்லை.

வாசலில் அப்பா கேட்டார்,
"எவ்ளோ குடுத்தாங்க?"
"எண்பது வெள்ளி."
"செத்ததுக்கா?"
பிறகு மாமாக் கடையில்
தே தாரிக் ஆறி ஆடை கட்டும்வரை
இருவரும் பேசவில்லை.

அப்புறம் பங்சாரில் ஒரு விளம்பரத் தேர்வு.
"இன்னும் கொஞ்சம் இந்தியன் மாதிரி" என்றார்கள்.
தலையையும் ஆட்டச் சொன்னார்கள்.
ஆட்டினேன். முந்நூறு.
மோட்டார் தவணைக்குச் சரியாகப் போனது.
ஆ சோங்கின் தமிழ் அதைவிடச் சுத்தம்.

நேற்று அப்பா போன் செய்தார்.
நெடுஞ்சாலைச் சத்தம்.
"இந்த வாட்டி எப்ப சாவுற?"
"சாவலப்பா. நாலு வரி இருக்கு."
சுங்கச்சாவடி பீப் ஒலித்தது.
"அப்போ இருமலாம்ல?
அன்னைக்கு ரொம்ப அடக்கிப் பார்த்தேன்,
முடியல."