தண்ணிக் கழிவு

மழை நாளில் கொழுந்து நிறுக்கையில்
கூடைக்கு மூன்று கிலோ கழிப்பார்கள்.
தண்ணீரின் பாரமாம்.
எவ்வளவு தண்ணீர் என்று
யாரும் பிழிந்து பார்த்ததில்லை.
சத்தியநேசன் ஐயா பேனாவைத் திறந்தால்
மூன்று. எப்போதும் மூன்று.
அதற்கு இருபது வருஷம் சண்டை போட்ட வாய் இது.

இந்த வாய்தான்
மே மாதத்து ஞாயிறொன்றில்
ஜெபவீட்டு மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னது.

அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து
சீழ் வைத்து
முழங்கால் மட்டும் சிவந்து ஏறியிருந்தது.
பாஸ்டர் ஏசாயா எண்ணெய் பூசினார்,
உள்ளங்கையை எடுக்காமல் ஒரு மணி நேரம்.
மஸ்கெலியா வெதமாத்தயா பச்சிலை அரைத்து
வாழையிலையில் கட்டித் தந்தார், காசு வாங்கவில்லை.
தோட்டத்து டிஸ்பென்சரியில்
சிவப்பும் கறுப்புமாய் இருபத்தொரு கேப்சூல்.
எல்லாவற்றையும் செய்தேன்.
பயந்தவளுக்கு வரிசை ஏது.

எட்டாம் நாள் செருப்பு ஏறியது.

மைக்கில் சொன்னது எண்ணெயை மட்டும்.
பொய்யில்லை.
பூசியது உண்மை,
பூசிய இரவு தூங்கியதும் உண்மை.
கேப்சூலுக்கு யார் அல்லேலூயா சொல்வார்கள்?
பச்சிலை என்றால்
எந்தச் சிலைக்கு முன்னால் அரைத்தது என்பார்கள்.
கழித்துவிட்டேன்.
கைதட்டலில் தகரம் அதிர்ந்தது.

முன் பாயில் மூக்காயி.
ஞானஸ்நானத்துக்குப் பிறகு மெர்சி.
எனக்கு மூக்காயிதான், பக்கத்து நிரை.
பத்து வருஷச் சீனி வியாதி.
காலையும் மாலையும் வயிற்றில் ஊசி.
ஐஸ்பெட்டி இல்லாத லயத்தில்
மண்பானை ஈரத்துக்குள் மருந்தைக் காப்பாற்றி வந்தவள்.
அன்று பீலிக்கரையில் கேட்டாள்:
"எண்ணெய் மட்டுமாடி?"
"கர்த்தர் பெரியவர்" என்றேன்.
அது பதிலில்லை என்று
எனக்குத் தெரியும்.
அவளுக்குத் தெரியவில்லை.

ஜூலையில் அவளை டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு
தன் ஆட்டோவில் தூக்கிப் போனவர் பாஸ்டர்தான்.
நடுச்சாமம், பனிமூட்டம், ஒற்றை லைட்.
வழியெல்லாம் ஜெபித்தாராம்,
எங்கும் நிறுத்தவில்லையாம்.
"ஊசியை விடச் சொல்லி நான் சொல்லலியே, சிஸ்டர்?"
வார்டு வாசலில் என்னைக் கேட்டார்.
இல்லை.
அவர் சொல்லவில்லை.

இடது காலில் இரண்டு விரல் போயிற்று.
மூக்காயி என்னைத் திட்டியிருக்கலாம்.
கட்டுப் போட்ட காலைத் தூக்கிக் காட்டி
"இனி செருப்புக்கு அரைக் காசு குறைப்பானா கடைக்காரன்?"
என்று சிரித்தாள்.
நர்ஸ் வந்தாள்.
ஊசி இறங்கும்போது கண்ணை மூடி
ஸ்தோத்திரம் என்றாள்.
நான் கொண்டுபோன ஹோர்லிக்ஸ் போத்தலைத்
துடைத்துக்கொண்டே நின்றேன்.
அதில் தூசி இல்லை.

இன்று ஞாயிறு. மழை.
விடியற்காலையே பாஸ்டரிடம் போய்
இன்னொரு சாட்சி இருக்கிறது என்றேன், இன்னதென்றும் சொன்னேன்.
தேத்தண்ணி ஆறும்வரை பேசவில்லை.
"சின்ன சபை சிஸ்டர், யாராவது இடறிப் போவாங்க" என்றார்.
"ஒருத்தி ஏற்கெனவே இடறிட்டா ஐயா."
பிறகு எழுந்து போய்
மைக் வயரைத் தானே இழுத்துச் செருகினார்.

எது ஆற்றியது என்று எனக்குத் தெரியாது.
எண்ணெயா, இலையா, மருந்தா,
இல்லை, சும்மா கால்தானா.
நிறுப்பது என் வேலையில்லை.
கூடையில் கிடந்ததை
ஒன்று விடாமல் சாக்கில் கொட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பாயில் அறுபது முகம்.
பானையிலிருந்து மருந்தை எடுத்தெறிந்தவர்கள்
இதில் இன்னும் யார் யாரோ.
மைக் இரைகிறது.
"இருபத்தொரு கேப்சூல்" என்று தொடங்குகிறேன்.
"சிவப்பும் கறுப்பும். நாளைக்கு மூணு.
ஒருவேளைகூடத் தவறவிடல."

பின்னாலிருந்து யாரோ
பழக்கத்தில்
அல்லேலூயா என்கிறார்கள்.