மூன்று தட்டு

கடைக்காரர் வளையத்தைத் தூக்கிக் காட்டினார்:
"ஐயாயிரம் பவுண்டு தாங்கும்."
வளையம் தாங்கும், சரி.
அதைப் பிடித்திருக்கும் பலகை?
ஆர்டித் கேட்டதும் அவர்
தன் காபிக் கோப்பையைத் தேடினார்.

முக்கால் அங்குல ஒட்டுப்பலகை.
அதில் வெறும் திருகாணி
ஆடுகிற பால்பல்.

ஆகவே மார்ச் மாதத்து டகோட்டாக் குளிரில்
டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறேன்
டார்ச்சைக் கடித்துக்கொண்டு.
இரும்புச் சட்டம் எங்கே ஓடுகிறதென்று தேடி
விரல்முட்டியால் தட்டுகிறேன்.
மேலே அவள், டிரில்லோடு.
ஒரு தட்டு: இங்கே. இரண்டு: பொறு.
மூன்றுக்கு அர்த்தம் வைக்க மறந்துவிட்டோம்.
அப்படித்தான் போனது பிரேக் விளக்கின் வயர்.
அன்று மாலை முழுக்க நாங்கள் பேசிக்கொண்டது
"கத்தரி." "டேப்."

நான்கு மூலைக்கு நான்கு.
முன்னவை முன்னே இழுக்கும், பின்னவை பின்னே,
நடுவில் கார், யார் பக்கமும் சாயாமல்.
ஒவ்வொன்றுக்கும் அடியில்
உள்ளங்கை அகல இரும்புத் தகடு, நட்டு.
சேற்றைத் தவிர
யாரும் பார்க்கப் போவதில்லை.

மே மாதம், பந்தயத்துக்குப் போகிற வழியில்
மான் ஒன்று சாலை நடுவே நின்று
எங்களைப் பற்றி யோசித்தது.
மிதித்தேன்.
ஜாக்கி, உதிரி டயர், கருவிப்பெட்டி
எல்லாம் முன்சுவரில் வந்து மோதின.
பிறகு எஞ்சின் சத்தம் மட்டும்.
மான் போய்விட்டது, அவசரமில்லாமல்.

கதவைத் திறந்தால்
எழுபத்தொன்றாம் வருடத்து நோவா
பட்டைகள் விறைக்க,
வைத்த இடத்தில்.

ஆர்டித் உள்ளே ஏறி மண்டியிட்டு
தரையில் மூன்று முறை தட்டினாள்.
நான் வெளித்தகரத்தில்
ஒன்று தட்டினேன்.