மூன்றாவது சுற்று

அரசரடி ஜெயிலில் ஒரு செவ்வாய்க்கிழமை
வார்டர் என் தாடையைப் பிடித்து
வெளிச்சத்துக்குத் திருப்பினார்.
"இவனும் தேறுவான்."

வீரணனுக்கு இடது புருவத்தின் மேல் வெட்டுத்தழும்பு.
அதை மறைக்க
எட்டுப் பேருக்கும் இடது புருவத்தின் மேல்
பிளாஸ்திரி ஒட்டினார்கள்.
எட்டு மீசை, எட்டுச் சுருட்டை முடி.
நான் வாரண்ட் விழுந்த செக் கேஸ்,
உசிலம்பட்டியில் டிராக்டர் தவணை பாக்கி.
சங்கிலியை அறுத்தது தான்தான் என்று
வீரணனே காலையில் சொல்லியிருந்தான்,
பல் துலக்கிக்கொண்டே,
தண்ணி வரவில்லை என்று சொல்வதுபோல.

நாகுபாய் உள்ளே வந்தார்.
கழுத்தில் காயம் ஆறிய வெளிறிய கோடு,
அதன்மேல் மஞ்சள் கயிறு.

முதல் சுற்றில் போனார், வந்தார், மறுபடி போனார்.
"எல்லாரும் ஒண்ணுபோல இருக்காங்களே சார்."
யாருக்கோ சிரிப்பு வந்தது.
அவர் விரல்
வீரணனுக்கும் எனக்கும் நடுவே
ஈயைப் போல உட்கார இடம் தேடி
என் தோளில் உட்கார்ந்தது.
நடுங்கியது.

சட்டை மாற்றினார்கள், இடம் மாற்றினார்கள்.
நான் ஆறாவது ஆள்,
வீரணனின் சட்டையில், வீரணனின் வியர்வையில்.
இந்தமுறை அவர் அவ்வளவு யோசிக்கவில்லை.

மூன்றாவதில் வாசலிலிருந்தே நேராக வந்தார்.
மற்ற ஏழு பேரை ஏறிட்டும் பார்க்கவில்லை.
"உறுதியாகச் சொல்கிறீர்களா?"
மாஜிஸ்திரேட் பேனாவைத் திறந்தார்.
"இந்தக் கண்ணை மறப்பேனா ஐயா?"

உண்மைதான்.
எப்படி மறப்பார்?
கால் மணி நேரத்தில் மூன்றாம் முறையாகப் பார்க்கிறார்.

எழுதினார்கள்:
சாட்சி தொட்டுக் காட்டியது ஒச்சப்பன்.
சம்பவத்தன்று இதே சிறையில் இருந்தவர்.

அன்று ராத்திரி வீரணன் தன் முட்டையை
என் தட்டில் வைத்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
நானும் தின்றேன்.

வெளியே வந்து ஏழு மாதம்.
போன வாரம் பெரியார் பஸ் ஸ்டாண்டில்
அதே மூக்குத்தி, காலை இழுத்து வைக்கும் அதே நடை.
சத்தியம் பண்ணியிருப்பேன், அவர்தான்.
ஓடிப்போய்,
"அம்மா, அது நான் இல்லம்மா" என்றேன்.

அந்த அம்மா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.
கழுத்தில் கோடு இல்லை.

திருமங்கலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து
ஜன்னல் வழியே என் முகத்தை
நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டார்.