உங்கள் பக்கத்தில் எல்லாம்

யாக்கிமா பள்ளியில் நவம்பர் மாதம்
பெற்றோர் சந்திப்புக்கு வீட்டுக்குப் பதினைந்து நிமிடம்.
நான் மொழிபெயர்ப்பவள்.
மூன்று பேருக்கும் முதல் வகுப்பு நாற்காலிகள்தான்,
முழங்கால் தாடையை இடிக்கிறது.
அவுசென்சியோ சுரீத்தாவின் சட்டையில்
ஆப்பிளுக்குப் பூசும் மெழுகின் வாசம்.
தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல்
மகள் வரைந்த குதிரையின் மேல் வைத்து, எடுத்து,
கடைசியில் முழங்காலுக்கே மாட்டிவிட்டார்.

மிஸ் லிண்ட்க்விஸ்ட் நல்லவர்.
இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.
கோடையில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்
பச்சைப் பேனாவில் குறிப்பெடுத்து வந்தவர்.
"யாரெலி வகுப்பில் தூங்கிவிடுகிறாள்.
எனக்குப் புரிகிறது. உங்கள் பக்கத்தில் எல்லாம்
பிள்ளைகள் பெற்றோரோடுதானே படுப்பார்கள்,
நேரங்கழித்து, கூட்டமாக, பாட்டும் கூத்துமாக.
அழகான பண்பாடு. நாங்கள் மதிக்கிறோம்."

உங்கள் பக்கம்.
எந்தப் பக்கம்?
நான் போர்ட்டோ ரிக்கோ, கடலோரம்.
அவர் வஹாகா மலைக்காரர்;
ஸ்பானிய மொழியே அவருக்கு இரவல் சட்டை,
வீட்டில் பேசுவது மிஸ்டெக்.
படிவத்தில் மட்டும்
எங்கள் இருவருக்கும் ஒரே கட்டம்.
பதம் பார்த்தது ஒரு சோறு,
அடுப்பில் இருப்பதோ இருபது பானை.

சம்பளம் வாங்குகிறேன். சொன்னேன்,
அழகான பண்பாடு உட்பட.

அவர் யோசித்தார்.
"ஹீட்டர் ஒன்றுதான். அது இருக்கும் அறையில் படுக்கிறோம்.
கூத்தெல்லாம் இல்லை.
மாடி வீட்டுக்காரர் இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்து
பூட்ஸைக் கழற்றாமல் நடப்பார்."

பச்சைப் பேனா 'ஹீட்டர்' என்று எழுதியது.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"அப்புறம், கண்டிப்பு..." என்று மிஸ் சிரித்தார்,
அந்த ஜோக் எனக்கும் தெரியும் என்கிற சிரிப்பு.
"நீங்கள் எல்லாம் செருப்பைத்தான், இல்லையா?"
கையை ஓங்கியும் காட்டினார்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்.
என் அம்மா எறிந்திருக்கிறாள்.
இடது கால், நீல ரப்பர், சமையலறையிலிருந்து வாசல் வரை.
அண்ணன் குனிந்துகொள்வான், ரேடியோ அடி வாங்கும்.
விருந்துகளில் நானே நடித்துக் காட்டுவேன்,
வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.
அங்கே அது கதை.
இந்த மேஜைக்கு வந்தால் அதே செருப்பு
நிரப்ப ஒரு படிவம் தேடும்.

"எப்படிக் கண்டிப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டேன்.
செருப்பை விழுங்கிவிட்டேன்.
தொழில் விதிப்படி குற்றம்.

அவர் கையைப் பார்த்திருந்தார்.
ஓங்கிய கைக்கு எந்த ஊரிலும்
மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.
"ஒரே ஒரு தரம் கத்தினேன்," என்றார்.
"ஆகஸ்டில், லாரி போகும் சாலையில் ஓடினாள்.
சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை.
மன்னிப்புக் கேட்டேன்.
பீச் பழம் ஒன்று தந்தாள், பாதி கடித்தது."

அந்த மீசையைப் பார்த்ததும் எனக்குள்
ஒரு முரட்டு அப்பாவைச் செய்து வைத்திருந்தேன்.
என்னிடமும் பச்சைப் பேனா உண்டு போலும்.

பிறகு அவர் கேட்டார்,
கேலி இல்லாமல், தெரிந்துகொள்ளவே கேட்டார்:
"உங்கள் பக்கத்தில் எல்லாம்
அப்பாக்கள் மன்னிப்புக் கேட்பார்களா?"

ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

மிஸ் லிண்ட்க்விஸ்ட் ஜன்னலைப் பார்த்தார்.
"என் அப்பா..." என்றார்.
மேலே எதுவும் வரவில்லை,
எனக்கு மொழிபெயர்க்க ஏதுமில்லை.
அடுத்த குடும்பம் கதவைத் தட்டிற்று.

போகும்போது தொப்பியை மறந்துவிட்டார்,
ஓடிப்போய்க் கொடுத்தேன்.
திரும்பி வந்து என் படிவத்தை நிரப்பினேன்:
மொழிபெயர்ப்பில் சிக்கல் ஏதேனும் உண்டா?
இல்லை என்று குறியிட்டேன்.
செருப்பு இன்னும் தொண்டையில்தான் இருந்தது.