ஐந்தாம் தேதிக்குள்

சித்திரை பிறக்க இன்னும் பத்து நாள் கிடக்கிறது.
எடைமேடைக்காரிக்கு
வருஷம் பிறப்பது ஏப்ரல் ஒன்றில்.
விஷுவுக்கென்று அக்கரையில் சரக்கொன்றை பூத்துவிட்டது,
என் பக்கத்து மரம் இன்னும் யோசிக்கிறது,
வேலந்தாவளத்தில்.

காலையில் ஒரு தேங்காய் லாரி.
சிவப்பு எண்கள் ஓடி ஓடி நின்றன.
நானூறு கிலோ கூடுதல்.
"கண்ண மூடிக்கங்கக்கா" என்றான்.
இறக்கச் சொன்னேன்.
போன மாசமும் ஒருத்தன் இப்படித்தான்
வேலியோரம் குவித்துவிட்டுப் போய்
மறுநாள் வந்து, நாற்பது காய் குறைகிறது என்றான்.
எண்ணுவது என் வேலையில்லை தம்பி,
எடை போடுவதுதான்.

வரம்பென்றால் எல்லாருக்கும்
மேல்பக்கம் மட்டும்தான் கண்ணில் படுகிறது.
பாதி வண்டி காலியாய்ப் பாலக்காடு போனால்
எரிந்த டீசலுக்கு யார் பொறுப்பு?
அதற்கு அபராதச் சீட்டு கிழிப்பவர் இல்லை.
அதனால் அது நஷ்டமே இல்லை என்று
பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

பிபிஎஃப்பும் அப்படித்தான்.
வருஷத்துக்கு ஒன்றரை லட்சம்.
அதற்குமேல் ஒரு ரூபாய் ஏற்றினாலும்
வட்டியில்லாமல் தூங்கும்.
குறைத்து ஏற்றினால் விட்ட இடம் விட்டதுதான்.
போன வருஷத்துக் காலியை
இந்த வருஷம் நிரப்ப
எந்தத் தபால் ஆபீஸிலும் சன்னல் கிடையாது.

நாலாம் தேதி, பத்தேகால் மணி,
ரோட்டைத் தாண்டினால் கேரளம்.
ரொக்கமாகத்தான் கொண்டுபோவேன்.
முதல் வருஷம் செக் கொடுத்தேன்;
அது பாஸாகி வருவதற்குள் ஐந்து தாண்டி
ஒரு மாச வட்டி ஆவியாகிவிட்டது.
"சேச்சி, ஈ கொல்லமும் ஃபுல்லோ?" என்பார் பிரசன்னன்.
"ஃபுல்" என்பேன்,
டிரைவர்களிடம் சொல்லும் அதே குரலில்.

சென்னியப்பனுக்குப் பிடிப்பதில்லை.
"பதினஞ்சு வருஷம் மூடி வெக்கறதுக்கு
அதென்ன காசா, ஊறுகாயா?"
வட்டிக்கு வரியில்லை என்றேன்.
"எனக்கும்தான் வரியில்லை" என்றார்.
அவர் காசு
கொழிஞ்சாம்பாறைச் சீட்டுக்காரனிடம் இருக்கிறது.
ஓணத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறானாம்.
ஓணம் முடிந்து ஏழு வருஷம்.

செக்போஸ்ட்டை எடுத்த வருஷம்
லாரிகள் நிற்காமல் போயின.
தூக்கிய கட்டை தூக்கியபடியே துருப்பிடித்தது.
டீக்கடை, ஜெராக்ஸ் கடை, நான்,
மூன்று பேரும்
ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.
அந்த மார்ச் முப்பத்தொன்றில் கட்டியது
ஐந்நூறு ரூபாய்.
கணக்கு சாகாமலிருக்க அதுதான் கீழ்வரம்பு.
பிரசன்னன் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.
முத்திரையை மட்டும்
சத்தம் வராமல் வைத்தார்.

ஆறு இலக்கங்கள் அடுக்கிய பாஸ்புக்கில்
நடுவே ஒரு மூன்று இலக்கம்.
மகள் பார்த்துவிட்டு
"பிரிண்ட் தப்பாம்மா?" என்றாள்.
இல்லை கண்ணு,
அந்த வருஷத்தின் சரியான எடையே அவ்வளவுதான்.

இன்று நாலாம் தேதி.
மேடையில் வண்டியில்லை.
பையோடு நானே ஏறி நின்றேன்.
அறுபது என்றது.
பையை இறக்கிவிட்டு நின்றேன்.
அறுபது.
முந்நூறு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள்;
பத்துக் கிலோவுக்குக் குறைந்தது எதுவும்
இந்த மேடைக்குத் தெரியாது.

ஜெராக்ஸ்காரன் பார்த்துவிட்டான், சிரிக்கிறான்.
சிரிக்கட்டும்.
மணி பத்து பன்னிரண்டு.
ஒரு சிமெண்ட் வண்டி போகட்டும் என்று
ரோட்டோரம் நிற்கிறேன்.