மாதத்துக்குப் பத்துப் பேர்

‘பூஞ்சை’ என்ற ஒற்றைச் சொல்லில்
நமக்கு இடமில்லை என்றார் ஹோல்ட்ஹவுஸ்.
முதல் பக்கம் முழுக்கப் பெரிய கடைகள்
பாய் விரித்துப் படுத்திருக்கின்றன.
நாம் வாலைப் பிடிப்போம்.
நீண்ட வால்.

வூப்பர்டாலில் மழை விட்டபாடில்லை.
சன்னலுக்கு வெளியே ஆற்றுக்கு மேல்
வௌவாலாய்த் தொங்கியபடி போகிறது ரயில்.
சமையலறை மேசையில்
பன்னிரண்டு வருடப் பழைய கட்டுரை,
வேலையை விட்டுப் போன யாரோ எழுதியது:
‘சுவர்ப் பூஞ்சை: காரணங்களும் தீர்வுகளும்.’
பழைய கள்ளுக்குப் புது மொந்தை செய்வது
என் தொழில். மொந்தைக்கு நாற்பது ஈரோ.

பக்கத்தில் பட்டியல்.
மக்கள் தேடுபெட்டியில் தட்டியவை, தட்டியபடியே.
எதிரே மாதக் கணக்கு.

பூஞ்சை — தொண்ணூறாயிரம்.
பூஞ்சை நீக்க — பன்னிரண்டாயிரம்.
பூஞ்சை சுவர் வினிகர் — எண்ணூறு.
எண் இறங்க இறங்கச் சொற்கள் கூடுகின்றன;
சொற்கள் கூடக் கூட
ஒரு வீடு தெரிய ஆரம்பிக்கிறது.

தொட்டிலுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளி ஆபத்தா — எழுபது.
அலமாரி நகர்த்தினேன் சுவர் முழுக்கக் கறுப்பு இப்போது என்ன — முப்பது.
கடைசி வரி:
தினம் இரண்டு முறை சன்னல் திறக்கிறேன் ஆனாலும் பூஞ்சை வீட்டுக்காரர் என்மேல் பழி குற்றம் என்னுடையதா — பத்து.

பத்து என்றால் பத்தே அல்ல.
இந்தக் கருவிக்கு அதற்குக் கீழே எண்ணத் தெரியாது;
ஒன்றையும் பத்து என்றே சொல்லும்.

இரவுப் பேருந்து ஓட்டக் கிளம்பிய செந்தூரன்
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.
பத்துப் பேருக்கா இத்தனை பாடு?
நேற்றுக் கடைசி வண்டியில் எத்தனை பேர்?
மூணு.
ஓட்டினாய்தானே.

நான்கு பெயர்ச்சொல்லை
மூச்சுவிடாமல் ஒட்டும் மொழி இது.
புணர்ச்சி விதிக்கு அடி வாங்கியவளுக்கு
அது பெரிதில்லை.
ஆனால் நடுராத்திரியில் தேடுபவர்
எதையும் ஒட்டுவதில்லை.
வேற்றுமை உருபு உதிர்ந்து, கேள்விக்குறி உதிர்ந்து,
வீடு காலி செய்பவர் சாமான் இறக்குவதுபோல
சொல் சொல்லாய்
வாசலில் வைத்துவிட்டு நிற்கிறார்.

எழுதினேன்.
கடைசி வரியைத் தலைப்பாக்கினேன்.
வெளிச்சுவரின் மூலை ஏன் வேர்க்கிறது,
ஈரமானியை எங்கே வைப்பது,
எத்தனை மணிக்குச் சன்னல் திறந்தீர்கள் என்று
ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்,
படம் எடுங்கள், கடிதம் போடுங்கள்,
வாடகைக்காரர் சங்கத்தில் கேளுங்கள்.
எங்கள் பெயிண்டைப் பற்றி
இரண்டே வரி.

ஹோல்ட்ஹவுஸ் படித்தார்.
தலைப்பு அறுபது எழுத்தைத் தாண்டக் கூடாது.
பெயிண்ட் இன்னும் ஐந்து இடத்தில் வர வேண்டும்.
உப்பைக் கைநிறைய அள்ளிப் போட்டால்
குழம்பை யார் தொடுவார் என்று நான் கேட்கவில்லை;
நாற்பது ஈரோ.
‘குற்றம் என்னுடையதா’வை அவர் வெட்டினார்.
அறுந்த பல்லிவாலாய்
அது மேசைமேல் துடித்துக்கொண்டிருந்தது.

மாலையில், பெயிண்டை ஐந்து இடத்திலும் பூசி முடித்து,
நாலாவது பத்திக்கு மேலே
சிறிய எழுத்தில், துணைத்தலைப்பாய்,
அதை ஒட்டவைத்தேன்.
கீழே பதில்:
உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மார்ச்சில் அறிக்கை வந்தது.
அந்த வரியைத் தட்டி உள்ளே வந்தவர்: ஒருவர்.
இரவு மூன்று பதினேழு.
தங்கிய நேரம் பதினொரு நிமிடம்.
பெயிண்ட் வாங்கவில்லை.
அந்த வரிசைக்கு
ஹோல்ட்ஹவுஸ் சிவப்பு அடித்திருந்தார்.

பதினொரு நிமிடம்.
நாலாவது பத்திக்கு இரண்டு போதும்.
மிச்சம் ஒன்பதில் என்ன செய்திருப்பார்?
நோட்டைத் தேடியிருக்கலாம்.
பேனா எழுதாமல் உதறியிருக்கலாம்.
பக்கத்தைத் திறந்தபடியே வைத்துவிட்டுத்
தூங்கியும் போயிருக்கலாம்.