ஏழரைச் செய்தி

கல்முனையில், தையல் கடைக்கு மேல்மாடி.
செய்தி வாசிக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவோம்.
இல்லாவிட்டால்
மரண அறிவித்தலுக்குள் ஒரு மோட்டர்சைக்கிள் ஓடும்.
சிஹானாவுக்கு மேலுதட்டில் வேர்க்கும்.
மேசைக்கு மேலே கோட்டு,
கீழே றப்பர் செருப்பு.
பின்னால் தொங்கும் பச்சைத் துணி
கீழ்க்கடை நிஸ்தார் மிச்சத்தில் தைத்துத் தந்தது.
ஒட்டு விழுந்த இடத்தில்
சில நாளில் கடல் இரண்டாய்ப் பிளக்கும்.

கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால்
வெள்ளம் பாய்ந்த மூன்றாம் நாள்
உழவு மெசினில் ஏறி அக்கரை போனேன்.
மழைக்கோட்டைக் கமெராவுக்குப் போட்டு
நான் நனைந்தேன்.

பாடசாலை மண்டபம். ஒரு சங்கம்.
ஐந்து கிலோ அரிசி, பருப்பு, ஒரு சவர்க்காரம்.
தலைவர் கொடுத்தார்.
பொருளாளரின் முகம் மறைந்துவிட்டதாம்.
இன்னொருக்கா, என்றார்கள்.
அந்த அக்கா பையைத் திருப்பிக் கொடுத்து
மீண்டும் வாங்கினா.
பெனர் சரிந்திருந்தது.
இன்னொருக்கா.
மூன்றாம் முறை, யாரும் சொல்லாமலே
பையை நீட்டிவிட்டுக் கமெராவைப் பார்த்து நின்றா.
"கொஞ்சம் சிரிங்க."
பதிவில் தெளிவாகக் கேட்கிறது,
என் குரல்.

இரவு வெட்டி ஒட்ட இருந்தேன்.
எழுத்துப் பட்டியில் தலைவர், செயலாளர், பொருளாளர்,
அனுசரணை தந்த கடையின் தொலைபேசி இலக்கம்.
அவவுக்குக் கீழே "பயனாளி" என்று தட்டி
அழித்தேன்.
மெசின் இரைச்சலில் பெயர் கேட்டிருந்தேன்,
மழை பாதியை எடுத்துக்கொண்டது.
கேட்ட மாதிரி எழுதினேன்.
முதல் தடவையையே போட்டேன்,
பதினெட்டு வினாடி,
சிரிக்காத தடவை.

செய்தி முடியுமுன் பொருளாளரின் அழைப்பு:
"அப்ப மூணு தரம் எடுத்தது எதுக்கு?"
அக்கரையில் அன்று கேபிள் இல்லை.
தூண் தண்ணியோடு போயிருந்தது.

ஒன்பதாம் நாள் சந்தையில்
கீரைக் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து ஒரு கூப்பாடு.
"தம்பி, ரீவியில என்ட பேரப் போட்டீங்களாம்?"
ஓம் அக்கா, என்றேன்,
கொஞ்சம் பெருமையாய்த்தான்.
"மங்கேஸ்வரி எண்டு போட்டீங்களாம்.
நான் தங்கேஸ்வரி.
மங்கேஸ்வரி என்ட தங்கச்சி.
அவள் அரிசி எடுத்திட்டாள் எண்டு
பட்டியல்ல அவள்ட பேர வெட்டிட்டாங்க.
இப்ப எனக்கு வந்ததில பாதி அவள் வீட்ட."
சொல்லிக்கொண்டே
பொன்னாங்காணியில் தண்ணீர் தெளித்தா.
காசு வாங்கி மிச்சம் தந்தா.

இன்று ஏழரைக்குத் திருத்தம்.
நானே எழுதினேன், நாலு வரி.
சிஹானா தாளைத் திருப்பிப் பார்த்தாள்,
மறுபக்கமும் ஏதாவது இருக்குமென்று.
"இதுக்கு என்ன படம்?"

எங்களிடம்
தங்கேஸ்வரி மூன்று தடவை இருக்கிறா.
மங்கேஸ்வரி ஒரு தடவையும் இல்லை.

படமில்லாம வாசி, என்றேன்.
எழும்பிப் போய்
விசிறியை நிறுத்தினேன்.